ஒரே ஊர்... மூன்று வரைபடங்கள்! கும்மிடிப்பூண்டி சொல்லும் எல்லைக் கதை

சென்னையிலிருந்து வடக்கே கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் கும்மிடிப்பூண்டி வரும். சிப்காட் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள், ஷிப்ட் முடிந்து சைக்கிளில் திரும்பும் தொழிலாளர்கள், இந்தியில் விலை சொல்லும் பெட்டிக்கடைகள் என்று ஒரு பக்கம். கொஞ்சம் தள்ளிப் போனால் நெல்வயல், ஏரிக்கரை, இருளர் குடியிருப்பு, பழவேற்காடு ஏரியை ஒட்டிய மீனவர் குப்பங்கள் என்று இன்னொரு பக்கம்.

வெளியூர்க்காரர்களுக்கு இது எல்லாமே கும்மிடிப்பூண்டிதான். ஆனால், அரசுப் பதிவேட்டில் அப்படி இல்லை. இங்கே ஒரே தெருவில் குடியிருப்பவர்கூட மூன்று வரைபடங்களுக்குள் வாழ்கிறார். எந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் அவர் வீட்டு வரி, குப்பை வண்டி, வேலைத் திட்டம் எல்லாமே முடிவாகின்றன.

நிலத்துக்கு ஒரு கணக்கு, தெருவுக்கு ஒரு கணக்கு

முதல் வரைபடம், வருவாய்த் துறையுடையது. இதன் அடிப்படை அலகு வருவாய் கிராமம். சர்வே எண்கள், ஏரி, புறம்போக்கு, மேய்க்கால் எல்லாம் கிராம நிர்வாக அலுவலரின் பதிவேட்டில் இருக்கும். சில கிராமங்கள் சேர்ந்தால் குறுவட்டம். ‘பிர்கா’ என்று சொன்னால்தான் பலருக்குப் புரியும். பிர்காக்கள் சேர்ந்தால் வட்டம், அதாவது தாலுகா. வட்டங்கள் சேர்ந்தால் கோட்டம். கோட்டங்கள் சேர்ந்தால் மாவட்டம். திருவள்ளூர் மாவட்டத்தில் திருவள்ளூர், பொன்னேரி, திருத்தணி என்று மூன்று கோட்டங்களும் ஒன்பது வட்டங்களும் உள்ளன. கும்மிடிப்பூண்டி வட்டம் பொன்னேரி கோட்டத்தில் வருகிறது.

இரண்டாவது வரைபடம், உள்ளாட்சியுடையது. இதன் அடிப்படை, ஊராட்சி. ஊராட்சிகள் சேர்ந்தால் ஊராட்சி ஒன்றியம். இந்த மாவட்டத்தில் 14 ஒன்றியங்கள் இருக்கின்றன. கும்மிடிப்பூண்டி நகரம் பேரூராட்சி. அதைச் சுற்றியிருக்கும் புதுகும்மிடிப்பூண்டி, சிறுபுழல்பேட்டை, பெத்திக்குப்பம் போன்றவை ஊராட்சிகள். வருவாய் கிராமத்தின் எல்லையும் ஊராட்சியின் எல்லையும் எப்போதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஓர் ஊராட்சிக்குள் பல குக்கிராமங்கள் இருக்கலாம். ஒன்றுக்கொன்று கிலோமீட்டர் கணக்கில் தள்ளியும் இருக்கலாம்.

மூன்றாவது, தேர்தல் வரைபடம். கும்மிடிப்பூண்டி சட்டமன்றத் தொகுதி, திருவள்ளூர் மக்களவைத் தொகுதிக்குள் இருக்கிறது. அதே மக்களவைத் தொகுதியில் சென்னை மாவட்டத்தைச் சேர்ந்த மாதவரமும் உண்டு. ஆனால், திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கும் திருத்தணி, அரக்கோணம் மக்களவைத் தொகுதியில் இருக்கிறது.

இவை போதாதென்று காவல்துறைக்குத் தனிக் கோடு. 2022 தொடக்கத்தில் ஆவடி காவல் ஆணையரகம் உருவானபோது சோழவரம், மீஞ்சூர் பகுதிகள் அதன்கீழ் போயின. கும்மிடிப்பூண்டி மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின்கீழ் இருக்கிறது.

ஓலையில் எழுதிய ஊர்கள்

ஊரை எண்ணி எழுதி வைக்கும் வழக்கம் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. 1763-ல் ஆற்காடு நவாப், சென்னையைச் சுற்றியிருந்த செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். தனக்கு வந்த நிலத்தில் என்னதான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளக் கம்பெனி ஓர் அளவைப் பணியை நடத்தியது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் சுமார் 2,000 ஊர்களை அளந்தார். எத்தனை வீடு, எத்தனை ஏரி, யார் என்ன தொழில், விளைச்சலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதெல்லாம் கணக்கில் ஏறின. அந்த விவரங்களைத் தமிழில் எழுதிய ஓலைச்சுவடிகளில் ஒரு பகுதி இன்றும் இருக்கிறது.

அந்தக் கணக்கை எழுதியவர்கள் ஊர்க் கணக்குப்பிள்ளைகள். அவர்களின் வழிவந்த கர்ணம், முன்சீப் பதவிகள் 1980 வரை நீடித்தன. எம்.ஜி.ஆர் அரசு அந்தப் பதவிகளை ஒழித்தது. அவற்றின் இடத்தில், தேர்வெழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். ஆனாலும் பழைய வாசனை முழுதாகப் போய்விடவில்லை. ஆண்டுதோறும் கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஜமாபந்தி, இன்றும் ஜூலை முதல் தேதி பிறக்கும் பசலி ஆண்டின் பெயரில்தான் நடக்கிறது.

வளர்ந்த மாவட்டம், தேய்ந்த மாவட்டம்

திருவள்ளூரின் எல்லைக்கோடுகள் அடிக்கடி நகர்ந்தவை. மொழிவழி மாநிலங்கள் பிரிந்த காலத்தில் திருத்தணி, ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் தலைமையிலான விசாரணை எல்லாம் முடிந்து, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. பதிலுக்குச் சத்தியவேடு பகுதி ஆந்திராவுக்குப் போனது. கோடு மாறினாலும் பேச்சு மாறவில்லை. கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் இன்றும் பல வீடுகளில் தெலுங்குதான் பேசுகிறார்கள். இங்கே ‘கண்டிகை’ என்று முடியும் ஊர்ப்பெயர், எல்லைக்கு அப்பால் ‘கண்ட்ரிகா’ ஆகிறது.

1997-ல் பழைய செங்கல்பட்டு மாவட்டம் இரண்டாகப் பிரிந்து காஞ்சிபுரமும் திருவள்ளூரும் பிறந்தன. பிறகு சென்னை வளர வளர, திருவள்ளூர் தேய்ந்தது. 2011-ல் அம்பத்தூர், மாதவரம், திருவொற்றியூர் போன்ற நகராட்சிகள் சென்னை மாநகராட்சியில் இணைந்தன. ஆனால், 2018 வரை அவை திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருந்தன. ஏழு ஆண்டுகள் அந்த மக்களுக்குக் குப்பை அள்ளியது ரிப்பன் மாளிகை. பட்டா கொடுத்தது திருவள்ளூர். 2018-ல்தான் அந்த வட்டங்கள் சென்னை மாவட்டத்துக்கு மாறின.

மிச்சமிருக்கும் மாவட்டம், சென்னையை வடக்கிலும் மேற்கிலும் வளைத்துக்கொண்டு கிடக்கிறது. அதன் தலைநகரோ மேற்கே இருக்கிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து கலெக்டர் அலுவலகத்துக்கு மின்சார ரயிலில் போக வேண்டுமானால் தெற்கே சென்னை வரை வந்து, வண்டி மாறி, மீண்டும் மேற்கே போக வேண்டும். சாலை வழியில் ஏறக்குறைய 50 கி.மீ. எல்லையோரக் கிராமத்து தினக்கூலிக்காரர் ஒருவர் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்க நினைத்தால், அன்றைய கூலியை மறந்துவிட வேண்டியதுதான்.

ரஷ்யாவின் ‘ஒரு நாள் நடை’

இதே பிரச்னைக்கு ரஷ்யா ஒரு விசித்திரமான அளவுகோலை வைத்தது. அங்கே நம் ஊராட்சியைப் போன்றது ‘கிராமக் குடியமைப்பு’. அதற்கு மேலே, நம் வட்டத்தைப் போன்ற ‘ரயோன்’. 2003-ல் வந்த உள்ளாட்சிச் சட்டம், பல கிராமங்களைச் சேர்த்து ஒரு குடியமைப்பு உருவாக்கும்போது, மக்கள் ஒரு வேலை நாளுக்குள் நிர்வாக மையத்துக்கு நடந்து போய்த் திரும்ப முடிகிறதா என்று பார்க்கச் சொன்னது. மாவட்ட மையத்துக்கு, வாகனத்தில் ஒரு நாளில் போய்த் திரும்ப முடிய வேண்டும். மக்கள் அடர்த்தி குறைந்த, எட்டாத பகுதிகளுக்கு மட்டும் விலக்கு.

நல்ல விதிதான். ஆனால், நடந்து வர ஆள் வேண்டுமே! 2010 கணக்கெடுப்பில் ரஷ்யாவில் சுமார் 1,53,000 கிராமங்கள் இருந்தன. அவற்றில் 19,000-க்கும் மேற்பட்டவற்றில் ஒருவர்கூட வசிக்கவில்லை. ஊர்கள் காலியாகக் காலியாக, அங்கே குடியமைப்புகளை இணைத்துக்கொண்டே போகிறார்கள். 2025-ல் வந்த புதிய சட்டம், கீழடுக்கே இல்லாமல் ஒரே அடுக்கில் நிர்வாகம் செய்யவும் வழிவிட்டிருக்கிறது.

கும்மிடிப்பூண்டியின் கதை நேர் எதிர். இங்கே ஊர்கள் நிரம்பி வழிகின்றன.

எண்ணிக்கையில் இல்லாதவர்கள்

சிப்காட்டைச் சுற்றியிருக்கும் ஊராட்சிகளில் ஒடிசா, பீகார், மேற்கு வங்கத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் தங்கியிருக்கிறார்கள். ஒவ்வோர் அறையிலும் நான்கைந்து பேர். அவர்களுக்கும் தண்ணீர் வேண்டும். அவர்கள் போடும் குப்பையையும் அள்ள வேண்டும். ஆனால், மாநில நிதி ஆணையத்தின் வழியாக ஊராட்சிக்கு வரும் மானியம் பெரும்பாலும் மக்கள்தொகையைப் பார்த்துத்தான் வருகிறது. அந்த மக்கள்தொகை 2011-ல் எடுத்தது. அடுத்த கணக்கெடுப்புக்கான கணக்கு நாள் 2027 மார்ச் 1. பதினாறு ஆண்டுகளில் வந்து சேர்ந்தவர்கள் யாரும் பழைய எண்ணிக்கையில் இல்லை.

ஆலைகள் கட்டும் வீட்டு வரியும் தொழில் வரியும் இந்த ஊராட்சிகளுக்குக் கைகொடுக்கின்றன. பக்கத்திலேயே ஆலை இல்லாத ஊராட்சிக்கு அந்த வருமானமும் கிடையாது. ஆனால், வாடகை அறைகள் அங்கேயும் பெருகிக்கொண்டேதான் இருக்கின்றன.

‘அப்படியென்றால் நகரமாக அறிவித்துவிடலாமே?’ என்று கேட்கலாம். இந்தியா முழுக்க இப்படி நகரமாகிவிட்ட கிராமங்கள் ஏராளம். மக்கள்தொகை 5,000-க்கு மேல், சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர், ஆண் தொழிலாளர்களில் நான்கில் மூன்று பங்கினர் விவசாயம் அல்லாத வேலையில் இருந்தால், கணக்கெடுப்புத் துறை அதை ‘கணக்கெடுப்பு நகரம்’ என்கிறது. 2001-ல் 1,362 ஆக இருந்த இவை, 2011-ல் 3,894 ஆகின. ஆனால், பெயரில்தான் நகரம், நிர்வாகம் ஊராட்சியே.

உண்மையிலேயே பேரூராட்சியாகவோ நகராட்சியாகவோ மாறினால் சாலை, விளக்கு, வடிகாலுக்குக் கூடுதல் நிதி வரலாம். கூடவே வரியும் ஏறும். ‘நூறு நாள் வேலை’ என்று ஊர் அழைக்கும் வேலை உறுதித் திட்டம் கிராமப்புறத்துக்கு மட்டுமே உரியது, அது நின்றுபோகும். அதனால்தான் தமிழகத்தில் ஊராட்சிகளை நகரங்களோடு இணைக்கும் அறிவிப்பு வரும்போதெல்லாம் முதலில் சாலைக்கு வருபவர்கள் கிராமத்துப் பெண்களாக இருக்கிறார்கள். ஆலையில் வேலை கிடைத்தது பிள்ளைகளுக்குத்தான். ஏரி வேலையை நம்பியிருப்பது ஐம்பது வயதைத் தாண்டிய அம்மாக்கள்.

கேட்பதற்கு ஓர் இடம்

ஊராட்சிக்கு மட்டும் உள்ள இன்னொரு சொத்து, கிராம சபை. 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். வரவு செலவைக் கேட்கலாம். பயனாளிகள் பட்டியலைக் கேட்கலாம். தீர்மானம் போடச் சொல்லலாம்.

திருவள்ளூர் உள்பட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. நிர்வாகம் தனி அலுவலர்களின் கைக்குப் போனது. வார்டு உறுப்பினரின் வீட்டு வாசலில் நின்று கேட்ட கேள்வியை, பிறகு ஒன்றிய அலுவலகத்துக்குப் போய்த்தான் கேட்க வேண்டியிருந்தது. கலெக்டர் அலுவலகம் 50 கி.மீ. தள்ளியிருப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பக்கத்துத் தெருவில் இருந்த நிர்வாகம் தள்ளிப்போனால்தான் ஊர் தவித்துப்போகும்.

வரைபடத்தில் கோடு எங்கே விழுந்தாலும், ஒரு கேள்வியை மட்டும் கேட்டுப் பார்க்கலாம். இந்த ஊரில் தெருக்குழாயில் தண்ணீர் வராவிட்டால், ஒரு நாள் கூலியை இழக்காமல் அதைச் சொல்லிவிட்டு வர முடியுமா? முடியும் என்றால் அந்த எல்லை சரியான எல்லை.

எந்த வேலைக்கு எந்த வாசல்?

* தெருவிளக்கு, குடிநீர், குப்பை, வீட்டு வரி: ஊராட்சியில் இருந்தால் ஊராட்சி அலுவலகம், பேரூராட்சியில் இருந்தால் பேரூராட்சி அலுவலகம்.
* பட்டா மாறுதல், வருமானம், இருப்பிடச் சான்று: இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலர் வழியாக வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகும்.
* ரேஷன் கார்டு: வட்ட வழங்கல் அலுவலர்.
* பழங்குடியினர் சாதிச் சான்று: கோட்ட அளவிலான அதிகாரி. கும்மிடிப்பூண்டி மக்களுக்குப் பொன்னேரி.
* கிராம சபை நடக்கும் நாள்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.