தெற்கு ஜன்னலில் மார்கழி வெயில்

கார்த்திகை பிறந்துவிட்டால் நெய்வேலி வீடுகளுக்குள் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருக்கிறது. வடகிழக்குப் பருவமழையின் மேகம் ஒரு பக்கம்; குவார்ட்டர்ஸைச் சுற்றி நிற்கும் மா, பலா, வேம்பின் நிழல் இன்னொரு பக்கம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எத்தனையோ மரங்களைச் சாய்த்துப் போட்ட பிறகும் டவுன்ஷிப்பின் வட்டங்களில் நிழலுக்குக் குறைவில்லை. இந்த மங்கலைப் போக்கத்தான் பலரும் ஹாலில் ஒரு மணிபிளான்ட், டிவி பக்கத்தில் ஒரு அக்லோனிமா, படுக்கையறையில் ஒரு ஸ்நேக் பிளான்ட் என்று வாங்கி வைக்கிறார்கள். பொங்கலுக்குள் சில செடிகள் மஞ்சளடித்து, தண்டு அழுகிச் சாய்ந்துவிடும். கேட்டால் "குளிர் ஒத்துக்கலை" என்பார்கள்.

பாவம், குளிர் மேல் பழி. இங்கே மார்கழி இரவிலும் வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் நிற்கும். மணிபிளான்டின் தாயகம் பசிபிக் பெருங்கடலில் பிரெஞ்சு பாலினேசியாவைச் சேர்ந்த மூரியா தீவு. அக்லோனிமா தென்கிழக்கு ஆசியக் காடுகளில் பெரிய மரங்களின் அடியில் வளர்வது. இவற்றுக்கு நம் மார்கழி சொந்த ஊர்போலத்தான். குறைவது வெளிச்சம். அந்தக் குறையை நம் கண் நமக்குக் காட்டிக்கொடுப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

மேகமில்லாத நண்பகலில் வெட்டவெளியில் வெளிச்சம் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். மழை மேகம் மூடினால் அது பத்தில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழாகவோ இறங்கும். ஜன்னலை ஒட்டி ஆயிரம், இரண்டாயிரம் இருக்கலாம். சோபாவுக்குப் பின்னால் நூறுகூடத் தேறாது. கண்மணி விரிந்து சுருங்கி ஈடுகொடுப்பதால் நமக்கு மூன்று இடமும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரிகின்றன. இலைக்கு அந்த வசதி கிடையாது. செடியும் நம்மைப் போல இரவு பகலாகச் சுவாசிக்கிறது. அதற்காகச் செலவழிக்கும் சர்க்கரையை ஈடுகட்டும் அளவுக்காவது ஒளிச்சேர்க்கை நடந்தாக வேண்டும். அந்த அளவுக்குக் கீழே போனால் சேமிப்பைத் தின்று, கடைசியில் தன் பழைய இலைகளையே தின்னத் தொடங்கும். அடியிலை மஞ்சளாவது பெரும்பாலும் இந்தக் கதைதான். வெள்ளை வரியோடிய இலைகளுக்குக் கஷ்டம் கூடுதல். வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை, அது உழைக்காமல் உண்ணும் பகுதி. கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. செடி வாங்கும் முன் வீட்டை ஒருமுறை அளந்து பாருங்கள். நாம் செடிக்கென்று ஒதுக்கும் அலங்கார மூலை எவ்வளவு இருட்டு என்பது புரியும்.

எந்த ஜன்னல் நல்லது? நெய்வேலி இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் பதினொன்றரை டிகிரியில். டிசம்பர் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு மேல் வருவதில்லை. தெற்கே சாய்ந்து, அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 55 டிகிரி உயரத்தில் நிற்கிறது. ஆகவே மார்கழியில் வெயில் எட்டிப் பார்ப்பது தெற்கு ஜன்னலில்தான். மேகம் விலகும் நாட்களில் சன்ஷேடுக்கு அடியில் நுழைந்து, திண்டைத் தாண்டி ஒரு கை தூரம் தரையில் விழும். வடக்கு ஜன்னலுக்கு அந்த மாதம் முழுக்க நேர் வெயிலே கிடையாது. தொட்டியைத் தெற்கு ஜன்னலை ஒட்டி நகர்த்துவது, எந்த உரத்தையும்விடப் பெரிய உதவி.

அப்படி ஜன்னல் வாய்க்காத வீட்டில் விளக்கு உதவுமா? உதவும், கிட்டே இருந்தால். 9 வாட் எல்இடி பல்பை இலைக்கு ஒரு அடி மேலே தொங்கவிட்டால் ஆயிரம் லக்ஸுக்கு மேல் கிடைக்கும். அதே பல்பு கூரையில் இருந்தால் ஐம்பதுகூடச் சந்தேகம். பகலில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் நிழல் விரும்பும் செடிக்குப் போதும். இந்த ஊரில் இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு சிலிர்ப்பு உண்டு. 1935-ல் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது வந்த கறுப்புப் பொருளும், 1962 முதல் இங்கே மின்சாரமாக மாறிவரும் பழுப்பு நிலக்கரியும், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய சதுப்புக் காட்டின் மிச்சம். பனைக் குடும்பத்து மகரந்தத்தைக்கூடத் தாவரவியலாளர்கள் அதில் இனங்கண்டிருக்கிறார்கள். அந்தக் காடு இலைகளில் பிடித்து வைத்த வெயில்தான் மின்கம்பி வழியாக வந்து, இன்றைய அக்லோனிமாவின் இலைமேல் விழுகிறது.

அடுத்தது தண்ணீர். மழைக்காலத்தில் வீட்டுச் செடிகளைக் கொல்வதில் வெளிச்சக் குறைவுக்குத் துணைநிற்பது நம் பாசம். வெயில் குறைந்து காற்றில் ஈரம் கூடியதும் இலை நீராவியாக விடும் தண்ணீர் வெகுவாகக் குறைகிறது. கோடையில் ஊற்றிய கை மட்டும் அப்படியே ஊற்றிக்கொண்டிருக்கிறது. வேருக்கும் ஆக்ஸிஜன் வேண்டும். காற்றில் பரவுவதைவிட ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் அது தண்ணீரில் பரவும். சொதசொதவென்ற மண்ணில் வேர் மூச்சுத் திணறும், பூஞ்சை போன்ற கிருமிகள் புகுந்துகொள்ளும். வேர் அழுகிவிட்டால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, இலை துவளும். துவண்ட இலையைப் பார்த்து மறுபடி ஊற்றுவோம். விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்கு வேண்டாம்.

விடிகாலையில் மணிபிளான்டைக் கிட்டே போய்ப் பாருங்கள். இலை நுனியில் மட்டும் ஒரு சொட்டு, கண்ணாடி மணிபோல விழாமல் தொங்கும். பனி என்றால் இலை முழுக்கப் படிந்திருக்கும். இது செடிக்குள்ளிருந்து வந்தது. இரவில் இலைத்துளைகள் மூடியிருக்க, ஈர மண்ணிலிருந்து வேர் உறிஞ்சிய நீர் மேலே தள்ளப்பட்டு, நுனியில் உள்ள நீர்த்துளை வழியாகக் கசிகிறது. தினமும் சொட்டுகிறதென்றால் மண்ணில் ஈரம் தாராளமாக இருக்கிறது என்று பொருள்.

ஸ்நேக் பிளான்ட் இரவில் ஆக்ஸிஜன் தரும் என்று சொல்லியே விற்கிறார்கள். நம் மண்ணின் மருளுக்கு நெருங்கிய உறவான அந்தச் செடி, தண்ணீரை மிச்சம்பிடிக்க இலைத்துளைகளை இரவில் திறக்கிறது என்பது உண்மை. அப்போது அது கார்பன் டை ஆக்ஸைடை உள்ளே வாங்கி அமிலமாகச் சேமிக்கிறது. ஆக்ஸிஜன் உண்டாவது வெளிச்சம் இருக்கும்போதுதான். காற்றைச் சுத்தப்படுத்தும் என்ற நம்பிக்கைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1989-ல் நாசா வெளியிட்ட ஆய்வு அடைத்த சிறு பெட்டிகளில் நடந்தது. 2019-ல் டிரெக்ஸல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய பல சோதனைகளைத் தொகுத்துக் கணக்கிட்டார்கள். திறந்த ஜன்னல் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1000 செடிகள் வேண்டுமாம். செடி நம் தூசியை உண்ணாது. தூசிதான் இலையை மூடி வெளிச்சத்தை மறைக்கும். சுரங்கமும் லாரியும் உள்ள ஊரில் வாரம் ஒருமுறை ஈரத்துணியால் இலையின் இரு பக்கமும் துடைப்பது அவசியம். செடி தரும் பச்சையே போதும். அதன்மேல் பொய்யான மருத்துவப் பெருமையை ஏற்ற வேண்டாம்.

பச்சையோடு நிறமும் வேண்டுமென்றால் சாமந்தித் தொட்டி வாங்கலாம். அது இரவின் நீளத்தை அளந்து பூக்கும் செடி. இப்படிப் பகல் இரவைக் கணக்கிடும் குணத்தை 1920-ல் அமெரிக்காவின் கார்னர், அல்லார்ட் இருவரும் புகையிலைச் செடியை வைத்து விளக்கினார்கள். நெய்வேலியில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். அதுவே சாமந்திக்குப் போதும். ஆனால் இரவு இருட்டாக இருக்க வேண்டும். பால்கனியில் தெருவிளக்கு நேராக அடிக்கும் இடத்தில் வைத்தால் மொட்டுவிடத் தயங்கும். தோட்டக்காரர்கள் பூப்பதைத் தள்ளிப்போட வேண்டுமென்றே இரவில் விளக்கெரிப்பதும் இதனால்தான்.

தை மாதம் வானம் வெளுத்ததும் எல்லாத் தொட்டிகளையும் மொட்டை மாடிக்கு ஏற்றிவிடாதீர்கள். மங்கலில் விரிந்த இலை மெல்லியது. ஒரே மதியத்தில் கருகிவிடும். காலை வெயிலில் அரை மணி நேரம் தொடங்கி மெல்லப் பழக்குங்கள். ஏப்ரல் 20-ஐ ஒட்டிச் சூரியன் நெய்வேலியின் உச்சிக்கு நேராக வந்துவிடும். அதன்பின் ஆகஸ்ட் 22 வாக்கில் திரும்பும்வரை நண்பகலில் அது நமக்கு வடக்கே நிற்கும். அந்த நான்கு மாதமும் தெற்கு ஜன்னலுக்கு நேர் வெயில் இல்லை. தொட்டிகளை வடக்கு ஜன்னலுக்கு மாற்றிவிடலாம்.