சொந்தத்தில் திருமணமும் குழந்தையின் எதிர்ப்புச் சக்தியும்



பிறந்தவுடன் குழந்தையின் இடது கையில் போடும் பி.சி.ஜி. ஊசி, காசநோயிலிருந்து காக்கிறது. சில வாரங்களில் அந்த இடத்தில் சிறு கொப்புளம் வந்து, ஆறி, தழும்பாகிவிடும். இது இயல்பே.

ஆனால் மிக அரிதாகச் சில குழந்தைகளுக்கு, ஊசியிலுள்ள வலுவிழந்த கிருமியே உடல் முழுதும் பரவிவிடுகிறது. துனிசியா நாட்டுக் கைக்குழந்தை ஒன்று இப்படி இறந்தது. அதற்கான காரணம் 1996-இல் வெளியானது. காமா இன்டர்ஃபெரான் என்பது கிருமியை விழுங்கிய செல்லுக்கு, 'அதைக் கொன்றுவிடு' என்று உடல் அனுப்பும் செய்தி. அதைப் பெறும் மரபணு அக்குழந்தையிடம் பழுதாக இருந்தது. அதே ஆண்டில் மால்டா தீவுக் குழந்தைகள் சிலரிடமும் இதே மரபணுவில் குறை காணப்பட்டது.

இத்தகைய குறைகளில் பெரும்பாலானவை, தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோயாகின்றன. ஒன்று மட்டும் உள்ளவர் நலமாகவே இருப்பார். மாமன் மகள், மாமி மகன் என்று மணமுடிக்கும்போது, ஒரே பாட்டன் பாட்டி வழியாக இருவரிடமும் அதே பழுது இருக்க வாய்ப்பு கூடுகிறது. அப்படி இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு.

சொந்தத்தில் மணப்பது மார்க்கத்தில் ஆகுமானதே. அப்படி மணந்தோரில் பெரும்பாலோரின் பிள்ளைகள் நலமாகவே உள்ளனர். எனவே யாரும் அஞ்ச வேண்டாம். தடுப்பூசியைத் தவிர்க்கவும் வேண்டாம். ஆனால் கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்:

* ஊசி போட்ட பக்கத்து அக்குளில் கட்டி பெரிதாகி, சீழ் வடிதல்
* விடாத காய்ச்சல், எடை கூடாமை
* சால்மோனெல்லா போன்ற கிருமித் தொற்று மீண்டும் மீண்டும் வருதல்

இவை இருந்தால் குழந்தை மருத்துவரிடம் தாமதமின்றிக் காட்டுங்கள். முன்பு ஒரு குழந்தை கடுமையான தொற்றால் இறந்திருந்தால், அடுத்த குழந்தைக்கு பி.சி.ஜி. போடும் முன்பே அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். முதலில் பரிசோதிப்பதா என்பதை அவர் முடிவு செய்வார். குறையின் வகைக்கேற்ப நீண்டகாலக் கிருமிக்கொல்லி மருந்து, காமா இன்டர்ஃபெரான் ஊசி, எலும்பு மஜ்ஜை மாற்று ஆகிய சிகிச்சைகள் உள்ளன.

குழந்தையை இழந்த தாயிடம், "கண்ணேறு பட்டது", "நீ சரியாகப் பார்க்கவில்லை" என்று சொல்லி நோகடிக்காதீர்கள். இது எவர் குற்றமுமல்ல. பெற்றோர் இருவரும் சேர்ந்து மரபணு ஆலோசனை பெறுவதே, அடுத்த குழந்தைக்குச் செய்யும் நன்மை. அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஆஃபியத்தை அருள்வானாக, ஆமீன்.