அசைய மறுக்கும் போல்ட்



பழைய காரைப் பார்த்ததும் "இதற்குள் என்ன இருக்கிறது?" என்று கேட்கத் தோன்றுகிறதா? சபாஷ்! அப்படிக் கேட்பவர்களோடு பேசுவதுதான் எனக்குப் பிடிக்கும். வாருங்கள், அமெரிக்காவின் ஃபோர்டு மஸ்டாங் காருடைய முன்மூடியைத் திறந்து பார்ப்போம்.

1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமான கார் இது. 1960களில் வந்த பல மஸ்டாங் கார்களில் 4.7 லிட்டர் எஞ்சின் இருந்தது. அதில் எட்டு சிலிண்டர்கள். பக்கத்துக்கு நான்காக, சாய்ந்து நிற்கும்.

பெட்ரோல் எரியும்போது சிலிண்டருக்குள் வெப்பநிலை 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வார்ப்பிரும்போ சுமார் 1,200 டிகிரியிலேயே உருகிவிடும். பிறகு எஞ்சின் ஏன் உருகவில்லை?

நல்ல கேள்வி! ஒவ்வொரு முறையும் அந்தச் சூடு ஒரு கணம்தான் இருக்கிறது. அதோடு, சிலிண்டர்களைச் சுற்றி நீர் ஓடி, வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகிறது. நீரை ஓட வைப்பது வாட்டர் பம்ப். எஞ்சின் சுழலும்போது ஒரு பெல்ட் இந்தப் பம்பையும் சுழற்றும். உள்ளே இருக்கும் இறக்கைச் சக்கரம் நீரை நடுவிலிருந்து ஓரத்துக்கு வீசித் தள்ளும். சூடான நீர் ரேடியேட்டருக்குப் போய், காற்றில் ஆறி, திரும்பி வரும். புரிந்ததா?

பம்பின் அச்சைச் சுற்றி நீர் கசியாமல் காக்க ஒரு சீல் உண்டு. வயதானால் அது தேய்ந்துவிடும். அப்போது பம்பின் அடியில் உள்ள சிறு துளை வழியாக நீர் சொட்டத் தொடங்கும். அந்தச் சொட்டைக் கண்டால், பம்பை மாற்ற வேண்டும் என்று மெக்கானிக்குக்குத் தெரிந்துவிடும்.

ஸ்பானரைப் போட்டுத் திருகினால் பம்ப் கழன்றுவிடும், இல்லையா? அங்கேதான் சிக்கல்! சில போல்ட்கள் அசையவே அசையாது. ஏன்?

இந்த எஞ்சினின் உடல் வார்ப்பிரும்பு. அதன் முன்னால் அலுமினிய மூடி ஒன்று இருக்கிறது. அந்த மூடியின் மேல்தான் பம்ப். நீளமான எஃகு போல்ட்கள் பம்பைக் கடந்து, அலுமினிய மூடியையும் கடந்து, உள்ளே இரும்பில் போய் இறங்குகின்றன. பல ஆண்டுகளாக ஓரங்களில் நீர் கசிந்து வந்தால், போல்ட் துருப்பிடிக்கும். இரும்பு துருவாக மாறும்போது முன்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும்.

ஒரு சின்னப் பாட்டிலில் கழுத்துவரை காய்ந்த கொண்டைக்கடலை போட்டு, நீர் ஊற்றி இரவு முழுக்க வையுங்கள். காலையில் கவிழ்த்தால் ஒன்றுகூட விழாது. ஊறிப் பருத்து ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். போல்ட்டைச் சுற்றித் துரு செய்யும் வேலையும் இதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு, நடுவில் நீரும் இருந்தால், அங்கே ஒரு குட்டி மின்கலமே உருவாகிவிடும்! அதில் அலுமினியம்தான் முதலில் அரிபடும். வெள்ளைப் பொடியாக மாறி, அதுவும் போல்ட்டை இறுக்கிப் பிடிக்கும்.

இப்போது முரட்டுத்தனமாகத் திருகினால் என்ன ஆகும்? 'டப்!' போல்ட்டின் தலை மட்டும் கையோடு வரும். மிச்சம் உள்ளேயே நின்றுவிடும். பிறகு அதைத் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

அதனால் நல்ல மெக்கானிக் அவசரப்பட மாட்டார். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, அதைக் குளிர்விக்கும் நீர்க்கலவையான கூலன்ட்டை வடிப்பார். பெல்ட்டையும் ஹோஸ் குழாய்களையும் கழற்றுவார். ஓர் அட்டையில் பம்பின் படத்தை வரைந்து வைப்பார். போல்ட்கள் ஒரே நீளம் அல்ல. கழற்றும் ஒவ்வொன்றையும் படத்தில் அதனதன் இடத்தில் குத்தி வைத்தால் திரும்ப மாட்டும்போது குழப்பமே இல்லை. எவ்வளவு அழகான யோசனை, பாருங்கள்!

இறுகிய போல்ட்டுக்கு மெல்லிய எண்ணெய் விடுவார். மயிரிழை இடைவெளியிலும் அது தானே ஊர்ந்து உள்ளே போகும். அதற்கு நேரம் வேண்டும். ஓர் இரவுகூட ஆகலாம். பிறகு போல்ட்டின் தலையைச் சுத்தியால் லேசாகத் தட்டுவார். அந்த அதிர்வில் துரு விரிசல் விடும். அடுத்து, கொஞ்சம் இறுக்குவார், கொஞ்சம் தளர்த்துவார். முன்னும் பின்னும் அசைய அசைய, துரு பொடியாகும்.

அப்படியும் வராவிட்டால், சிந்திய எண்ணெயைத் துடைத்துவிட்டு அலுமினிய மூடியைச் சூடாக்குவார். ஒரு கேள்வி: உலோகத்தைச் சூடாக்கினால் அதிலுள்ள துளை சிறிதாகுமா, பெரிதாகுமா? யோசித்துச் சொல்லுங்கள்!

பெரிதாகும்! உலோகம் முழுவதும் விரியும்போது துளையும் சேர்ந்தே விரியும். அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். அதனால் துளை அகன்று போல்ட் தளரும்.

போல்ட் எல்லாம் வந்த பிறகும் பம்ப் ஒட்டிக்கொண்டிருக்கும். நடுவில் கசிவைத் தடுக்க வைத்திருக்கும் மெல்லிய அடைப்பான கேஸ்கெட்தான் காரணம். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் மென்மையான அலுமினியத்தில் கீறல் விழும். அந்தக் கீறல் வழியே மறுபடி கசியும். அதனால் மரச்சுத்தியால் ஓரங்களில் மாறி மாறித் தட்டி எடுப்பார்.

செல்லங்களே, இதெல்லாம் பெரியவர்களின் வேலை. சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். கொதிநீர் சீறி வரும். பல கூலன்ட்களில் எத்திலீன் கிளைக்கால் இருக்கும். இனிக்கும், ஆனால் விஷம். நாய்க்குட்டி நக்கினாலும் ஆபத்து.

புதுப் பம்பை மாட்டும்போது மெக்கானிக் போல்ட்டில் துருப்பிடிக்காமல் காக்கும் பசையைத் தடவுவார். வெறும் தண்ணீருக்குப் பதில், துருவைத் தடுக்கும் கூலன்ட்டைச் சரியான அளவில் கலந்து ஊற்றுவார். அப்போதுதான் அடுத்த முறை கழற்றுபவருக்கு வேலை எளிதாகும்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் சைக்கிளில் எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடம் எங்காவது இருக்கிறதா? தேடிப் பாருங்கள். மழையில் நனைந்தால் அங்கே என்ன நடக்கும் என்று உங்கள் நண்பர்களுக்கு நீங்களே விளக்கிச் சொல்லுங்கள்!