ஒரு ரூபா ரிக்கட்டும் நமது கணக்குக் கொப்பியும்

2020இல் வெளிவந்த ‘சூரரைப் போற்று’ படத்தை நமது பிள்ளைகள் பலரும் பார்த்திருப்பார்கள். சாதாரண மனிதனையும் விமானத்தில் ஏற்றுவேன் என்று போராடி வென்ற ஒருவரின் கதை. படம் வெற்றியோடு முடிகிறது. வியாபாரிகளான நமக்குப் படிப்பினை இருப்பதோ அதற்குப் பிறகு நடந்ததில்தான்.

அந்தக் கதைக்கு மூலமானவர் கர்நாடகத்தைச் சேர்ந்த கெப்டன் கோபிநாத். இராணுவத்திலிருந்து விலகி விவசாயம் செய்தவர். பின்னர் ஹெலிகொப்டர் வாடகைத் தொழில் நடத்தி, 2003இல் பெங்களூரில் எயார் டெக்கானை ஆரம்பித்தார். சிறிய ஏ.ரி.ஆர். விமானங்களை ஹூப்ளி போன்ற சிறு நகரங்களுக்கும் அனுப்பினார். இலவசச் சாப்பாடு கிடையாது. ரிக்கட்டை இணையத்தில் விற்றார். முந்திக்கொண்டவர்களுக்குச் சில ஆசனங்கள், வரி நீங்கலாக, ஒரு ரூபாவுக்கே கிடைத்தன. ரயிலை மட்டுமே அறிந்தவர்கள் விமானம் ஏறினார்கள்.

சனம் குவிந்தது, காசு குவியவில்லை. விமானங்களின் எண்ணிக்கை வேகமாகக் கூடியது. ஏ.ரி.ஆரும் எயார்பஸ்ஸும் என்று இரண்டு வகை வைத்திருந்ததால் விமானிகள், பொறியியலாளர்கள், உதிரிப்பாகங்கள் எல்லாம் இரட்டைச் செலவு. எரிபொருளுக்கு மாநில அரசுகளின் விற்பனை வரி வேறு. 2005இல் ஸ்பைஸ்ஜெட்டும் 2006இல் இண்டிகோவும் போட்டிக்கு வந்தன. 2006இல் பங்குச் சந்தையில் திரட்டிய பணமும் போதவில்லை. 2007இல் மதுபான அதிபர் விஜய் மல்லையாவின் குழுமம் 26 சதவீதப் பங்கை ஏறத்தாழ 550 கோடி இந்திய ரூபாவுக்கு வாங்கியது.

மல்லையாவிடம் ஏற்கெனவே கிங்பிஷர் என்ற சொகுசு விமான சேவை இருந்தது. பிறகு ஏன் மலிவு விமானம்? அன்றைய இந்தியச் சட்டப்படி, உள்நாட்டில் ஐந்து வருடம் பறந்த கம்பனிக்கே வெளிநாடு பறக்க அனுமதி. 2005இல் தொடங்கிய கிங்பிஷர் 2010 வரை காத்திருக்க வேண்டும். டெக்கானுக்கு 2008இலேயே ஐந்து வருடம் பூர்த்தி. இரண்டும் இணைந்தன, அந்த வருடமே கிங்பிஷர் இலண்டனுக்குப் பறந்தது. டெக்கான் என்ற பெயர் மறைந்து ‘கிங்பிஷர் ரெட்’ ஆனது. கட்டணமும் ஏறியது. மலிவை நம்பி வந்தவருக்கு வேறு கம்பனிகள் கதவைத் திறந்து வைத்திருந்தன.

அதே 2008இல் மசகு எண்ணெய் பீப்பாய் 147 டொலரைத் தொட்டது. கடன் மேல் கடன், அதற்கு வட்டி. 2011இல் மலிவு சேவையைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். 2012 ஒக்டோபரில் கிங்பிஷர் முழுதாகத் தரையிறங்கியது. ஊழியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி. வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கத்தைப் பின்பற்றும் நமக்கு இது வெறும் செய்தியல்ல.

அப்படியானால் மலிவாக விற்றதுதான் பிழையா? இல்லை. இண்டிகோவும் மலிவாகத்தான் விற்றது. ஆனால் முதல் பத்து வருடத்துக்கு மேல் ஏ320 ரக விமானங்களை மட்டுமே வைத்துக்கொண்டு செலவைக் கட்டுப்படுத்தியது. இன்று இந்தியாவின் மிகப் பெரிய விமான சேவை அதுதான்.

இதை எழுதும்போது எனது இளமைக்காலப் பெருநாள் சீசன் ஒன்று ஞாபகம் வருகிறது. பக்கத்துக் கடையை விடக் குறைத்துக் கொடுத்தேன். கடையில் நிற்க இடமில்லை. பெருநாள் முடிந்ததும் வாப்பா கொப்பியைப் புரட்டிவிட்டு, “மகன், வந்த ஆட்களை எண்ணியிருக்கிறாய், போன செலவை எண்ணவில்லையே” என்றார். மொத்த வியாபாரிக்குக் கொடுத்த செக்கைக் காப்பாற்ற மனைவியின் நகை அடகுக்குப் போனது. இன்றும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

விலையைக் குறைக்குமுன் செலவு எங்கே குறைந்திருக்கிறது என்று கொப்பியில் காட்டுங்கள். காட்ட முடியாவிட்டால் குறைக்காதீர்கள். நெருக்கடியில் பங்காளி ஒருவர் பணத்தோடு வந்தால், அவருக்குத் தேவை உங்கள் வியாபாரமா, உங்கள் லைசன்ஸா, கடை இருக்கும் இடமா என்று முதலில் விசாரியுங்கள். கையெழுத்து வைத்த பிறகு கேட்டுப் பயனில்லை.