அலைக்கு ஆண், பெண் தெரியுமா?

1991ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் இரவு. வங்க தேசத்தின் சிட்டகாங் கடற்கரையை ஒரு கடும் புயல் தாக்கியது. காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 240 கிலோமீட்டர். ஏறத்தாழ 6 மீட்டர், அதாவது இரண்டு மாடி உயரத்துக்குக் கடல்நீர் எழும்பி ஊருக்குள் புகுந்தது. சுமார் 1,38,000 பேர் மாண்டனர்.

பின்னர் இறந்தோரைக் கணக்கிட்டபோது ஒரு வியப்பான செய்தி தெரிந்தது. 20 முதல் 44 வயது வரை உள்ளவர்களில், ஆயிரம் ஆண்களுக்கு 15 பேர் இறந்திருந்தனர்; ஆயிரம் பெண்களுக்கு 71 பேர்! அதே கடல், அதே இரவு. இந்த வேறுபாடு எப்படி வந்தது?

கடல் ஏன் பொங்குகிறது?

முதலில் புயல் அலையின் பௌதிகத்தைப் பார்ப்போம். காற்றழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் சுமார் 1 சென்டிமீட்டர் உயரும். இந்தப் புயலின் மையத்தில் அழுத்தம் இயல்பைவிட ஏறத்தாழ 90 மில்லிபார் குறைந்திருந்தது. ஆனால் இதனால் கிடைப்பது 90 சென்டிமீட்டர்தான். மீதி 5 மீட்டர் எங்கிருந்து வந்தது?

ஓர் அகன்ற தட்டில் சிறிது நீர் ஊற்றி, ஒரு பக்கமிருந்து பலமாக ஊதுங்கள். எதிர்ப்பக்கத்தில் நீர் குவிகிறது அல்லவா? புயற்காற்றும் இதையே செய்கிறது. ஆழ்கடலில், தள்ளப்பட்ட நீர் அடிவழியே திரும்பிவிடும். வங்கக் கடலின் வடகோடியோ ஆழம் குறைந்தது, புனல்போல் குறுகியது. நீர் திரும்ப வழியின்றிக் கரைமீது ஏறுகிறது.

விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பாயும் நீர், தன்னைத் தடுக்கும் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பிலும் சுமார் 2,000 நியூட்டன் விசையைச் செலுத்தும். இது 200 கிலோகிராம் எடைக்குச் சமம். இந்த விசைக்கு ஆண், பெண் என்ற பேதம் கிடையாது. ஆகவே, நம் கேள்விக்கு விடையைக் கடலில் தேடிப் பயனில்லை. கரையில்தான் தேட வேண்டும்.

கரையில் நடந்தது என்ன?

புயல் எச்சரிக்கை முன்னதாகவே அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் அது கடைத்தெருவிலும் துறைமுகத்திலும் இருந்த ஆண்களின் காதுக்கே முதலில் எட்டியது. செய்தி தெரிந்த பெண்களிலும் பலர், கணவர் வந்து சொல்லாமல் வீட்டைவிட்டு வெளியேறத் தயங்கினர். புகலிடத்திலோ முன்பின் அறியாத ஆண்களுடன் ஒரே கூடத்தில் நெருக்கி நிற்க வேண்டும். தனி அறையோ கழிப்பிடமோ இல்லை. குழந்தைகளையும் முதியோரையும் கால்நடைகளையும் விட்டுவிட்டு ஓடவும் முடியவில்லை. வெள்ளத்தில் சேலை காலைச் சுற்றியது. நீந்தவும் மரம் ஏறவும் பெண்களில் பலருக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

இவற்றில் எதுவும் இயற்கையின் விதி அன்று. மனிதர் ஏற்படுத்திய வழக்கங்களே. அதனால் மனிதரால் மாற்றவும் முடியும்.

மாறியது எப்படி?

பின்னாளில் அங்கே தூண்கள்மீது எழுப்பப்பட்ட பல புகலிடங்களில் பெண்களுக்குத் தனி அறைகளும் கழிப்பிடங்களும் அமைந்தன. கால்நடைகளுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. 1972இல் தொடங்கிய புயல் எச்சரிக்கைத் தொண்டர் படையில் இன்று 76,000க்கு மேற்பட்டோர் உள்ளனர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பெண்கள். ஒரு பெண் தொண்டர் அடுப்பங்கரை வரை சென்று, "இப்போதே கிளம்புங்கள்" என்று சொல்ல முடிகிறது.

2007 நவம்பரில் 'சிதர்' என்னும் கடும் புயல் அதே நாட்டைத் தாக்கியபோது இறந்தவர்கள் சுமார் 3,400 பேர். அப்போதும் பெண்களின் இழப்பே அதிகம். ஆயினும், முன்னெச்சரிக்கையும் புகலிடங்களும் எத்தனை உயிர்களைக் காக்கும் என்பதற்கு இது சான்று.

புவி வெப்பமடைவதால் கடல் மட்டம் உயர்ந்து வருகிறது. வெதுவெதுப்பான கடல் புயலுக்குக் கூடுதல் ஆற்றலைத் தருகிறது. எனவே கரைகளை உயர்த்தினால் மட்டும் போதாது. மாணவர்களே, உங்கள் ஊரில் வெள்ள எச்சரிக்கை வந்தால் அது யாருக்கு முதலில் தெரியும்? யாருக்குக் கடைசியில் தெரியும்? உங்கள் வகுப்பில் எத்தனை பெண்களுக்கு நீந்தத் தெரியும்? விசாரித்து எழுதிப் பாருங்கள். அதுவும் ஒரு விஞ்ஞான ஆய்வுதான்.