இயந்திரம் வந்தது; சாவி யாரிடம்?

இளங்கலை மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஆய்வறிக்கை எழுதும்போது 'புதிய தொழில்நுட்பமும் வேலைவாய்ப்பும்' என்பது எல்லாத் துறைகளிலும் ஓடுகிற தலைப்பாகிவிட்டது. பி.காம். மாணவர் வங்கியை எடுக்கிறார். பி.சி.ஏ. மாணவர் செயற்கை நுண்ணறிவை எடுக்கிறார். பொருளியல் மாணவர், யுபிஐ வந்தபின் கடைத்தெரு எப்படி மாறியது என்று கேட்கிறார். ஐம்பது பேரிடம் வினாப்பட்டியல், நான்கு வரைபடம், பைண்டிங், வைவா என்று வேலை முடிகிறது.

இவை தேவையான ஆய்வுகள்தான். ஆனால் நம் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் தலைமுறைப் பிள்ளைகளும் இதே தலைப்புகளோடு நின்றுவிடுவது நமக்கு உறுத்துகிறது. தன் அம்மா செய்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்ட வீட்டுப் பெண், தான் வாசல்படிகூட மிதிக்காத ஐ.டி. நிறுவனத்தைப் பற்றி அறுபது பக்கம் எழுதுகிறாள். அம்மாவைப் பற்றி ஒரு பக்கம் இல்லை.

அறுவடைக் கூலி எங்கே போனது?

1968 டிசம்பர் 25 இரவில் கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அன்றைய ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்தில் விவசாயத் தொழிலாளர்கள் கேட்டது கூலியாகக் கொஞ்சம் கூடுதல் நெல். அப்படிப் போராடிப் பெற்ற அறுவடைக் கூலி, இயந்திரம் வயலில் இறங்கியபின் பெரும்பாலும் மறைந்துவிட்டது. பதினைந்து இருபது பேர் ஒரு நாள் முழுக்கச் செய்த வேலையை அது ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிக்கிறது. கதிர் அறுத்த பெண்களுக்குக் களத்து நெல்லும் போயிற்று, அந்த நாட்களின் வேலையும் போயிற்று.

இயந்திரமே வேண்டாம் என்பது நம் வாதம் அல்ல. குனிந்து குனிந்து இடுப்பொடிந்த நம் அம்மாக்களுக்கு அரிவாள் மீது ஆசை ஒன்றும் கிடையாது. மழைக்கு முன் நெல்லைக் கரையேற்ற விவசாயிக்கும் அது வேண்டியிருக்கிறது. முன்பு கூலியாகத் தெருவுக்கு வந்த பணம் இப்போது வாடகையாக யார் வீட்டுக்குப் போகிறது என்பதுதான் கேள்வி.

மாணவர்கள் செய்து காட்டியது

கல்லூரி ப்ராஜெக்ட்டால் என்ன ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம். கேரளத்தின் குற்றிப்புரத்தில் பொறியியல் படித்த மாணவர்கள் சிலர் கல்லூரிக் காலத்திலேயே இயந்திர மனிதக் கருவிகளைச் செய்து பழகியவர்கள். 2015-ல் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக் குழிக்குள் இரண்டு தொழிலாளர்களும், அவர்களைக் காப்பாற்ற இறங்கிய ஆட்டோ ஓட்டுநரும் இறந்த செய்தி அவர்களை உலுக்கியது. அந்த இளைஞர்கள் உருவாக்கியதுதான் 'பேண்டிகூட்' ரோபோ. பெயருக்குப் பொருள் பெருச்சாளி. 2018-ல் திருவனந்தபுரத்தில் அது களமிறங்கியது. பின்னர் நம் கும்பகோணத்துக்கும் வந்தது. திருவனந்தபுரத்தில் அதை இயக்க, முன்பு குழியில் இறங்கியவர்களுக்கே பயிற்சி தரப்பட்டது.

மலக்குழித் தொட்டியைச் சுத்தம் செய்யும் சென்னை ஐஐடியின் 'ஹோமோசெப்' இயந்திரமும் ஒரு மாணவரின் இறுதியாண்டு ஆய்விலிருந்து பிறந்ததே. அதன் முதல் இயந்திரங்கள் சஃபாய் கர்மச்சாரி அந்தோலன் வழியாக, கணவரை இந்த வேலையில் பறிகொடுத்த பெண்கள் நடத்தும் சுயஉதவிக் குழுக்களுக்குக் கொடுக்கப்பட்டன. இங்கே இயந்திரத்தோடு சாவியும் கைமாறியது. நாம் கேட்கும் மாற்றம் இதுதான்.

ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்தில் 2024 வரை விவரம் சேகரிக்கப்பட்ட சுமார் 38,000 சாக்கடை, கழிவுத்தொட்டித் தொழிலாளர்களில் 68.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஒருவரைக் குழிக்குள் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உயிரிழப்புக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாவுக்கு நியாயம் கேட்கச் சட்டம் இருக்கிறது. பிழைப்புக்கான நியாயத்தை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். குழியில் இறங்கும்போது வேலை நமக்கு, ரிமோட்டும் சம்பளமும் வந்தபின் வேறொருவருக்கு என்றால், இயந்திரம் வந்தும் சாதி தன் இடத்தை விட்டு நகரவில்லை என்றே பொருள்.

நம் பிள்ளைகள் கேட்க வேண்டியவை

ஆகவே இந்த ஆண்டு ஆய்வறிக்கை எழுதப் போகும் தம்பி தங்கைகளுக்கு நம் வேண்டுகோள். உங்கள் வினாப்பட்டியலில் இவற்றையும் சேருங்கள். இயந்திரம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? கடன் கொடுத்த வங்கி எது, ஜாமீன் கேட்டதா? இயக்குபவர் யார், முன்பு அந்த வேலையைச் செய்த குடும்பத்தைச் சேர்ந்தவரா? அவருக்குப் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? வேலை இழந்த பெண்கள் இப்போது எங்கே போகிறார்கள்? எரிவாயுத் தகன மேடை வந்த ஊரில், தலைமுறையாகச் சுடுகாட்டில் நின்ற குடும்பத்துக்கு மாதச் சம்பளம் உண்டா?

நகராட்சியில் வாய்வார்த்தையாகக் கேட்டுப் பதில் வராவிட்டால், தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மனுவில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, எத்தனை இயந்திரங்கள், ஒப்பந்தம் யாருக்கு, இயக்குபவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ஆய்வுக்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

இயந்திரம் வாங்க முடியுமா என்று தயங்குபவர்களுக்கும் அந்த அறிக்கை வழிகாட்ட வேண்டும். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு முதலீட்டில் 35 விழுக்காடு, அதிகபட்சம் ஒன்றரைக் கோடி ரூபாய் வரை மானியம் உண்டு. வட்டியில் 6 விழுக்காடு மானியமும் உண்டு. உங்கள் ஒன்றியத்தில் இதை வாங்கியவர்கள் எத்தனை பேர், கேட்டும் கிடைக்காதவர்கள் எத்தனை பேர், ஏன் என்று எழுதினால் அந்த அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு மாவட்டத் தொழில் மையத்துக்கே போகலாம்.

1916-ல் கொலம்பியா பல்கலைக்கழக வகுப்பில் சாதியின் தோற்றம் பற்றிக் கட்டுரை வாசித்தபோது அண்ணல் அம்பேத்கருக்கு வயது 25. அதுவும் ஒரு மாணவர் ஆய்வுதான். நூற்றாண்டு கடந்தும் அதைப் படிக்கிறோம். காரணம், தன்னை மிதித்த ஒன்றையே அவர் ஆராய எடுத்துக்கொண்டார். உங்களுக்கான தலைப்பும் உங்கள் தெருவிலேயே இருக்கிறது. வினாப்பட்டியலின் முதல் பிரதியை உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நிரப்புங்கள்.