வண்டித் துருவை எடுப்போம், திரும்ப வராமல் தடுப்போம்



தோசைக்கல்லைக் கழுவி ஈரத்தோடு வைத்தால் என்ன ஆகும்? காலையில் செம்மண் பூசினாற்போல் துரு ஏறியிருக்கும். அதையே துடைத்து, கொஞ்சம் எண்ணெய் தடவி வைத்தால் ஒன்றும் ஆவதில்லை. இது நம் எல்லோருக்கும் தெரியும். வண்டி இன்ஜினுக்கும் இதே பாடம்தான்.

நம் உறுப்பினர்கள் பலர் இன்று மொபெட்டிலும் ஸ்கூட்டரிலும் மீன், காய்கறி, பால் விற்கிறார்கள். சிலர் குழுக் கடனில் வண்டி வாங்கினார்கள். சிலர், வேலைக்குப் போகும் பெண்களுக்காக 2018 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய மானியத் திட்டத்தில் வாங்கினார்கள். வண்டி விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய், இதில் எது குறைவோ அதை அப்போது மானியமாகக் கொடுத்தார்கள். அந்த வண்டிகளுக்கு இப்போது வயதாகிவிட்டது. மீன் பெட்டியிலிருந்து உப்பும் ஐஸ் தண்ணீரும் சொட்டுகிற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

மீன் விற்கும் நம் சகோதரி ஒருவர், இன்ஜின் மூடி பூத்துப்போய் இருக்கிறதே என்று கழிவறை கழுவும் ஆசிட்டை அதன்மேல் ஊற்றிவிட்டார். புஸ்ஸென்று பொங்கியது. மூடி கறுத்துச் சொரசொரப்பாகிவிட்டது. போல்ட் இருந்த இடமும் அரித்து எண்ணெய் கசிய ஆரம்பித்தது. வண்டி மெக்கானிக்கிடம் போனதில் இரண்டு நாள் வியாபாரமும் போயிற்று. இப்படி இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறோம்.

துருவில் இரண்டு வகை

கிக்கர், நட், போல்ட், செயின், சைலன்சர் இவையெல்லாம் பெரும்பாலும் இரும்பு. இதில் வருவது சிவப்புத் துரு. துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். அதனால்தான் துருப்பிடித்த நட் கழலாமல் இறுகிக்கொள்கிறது.

இன்ஜின் மூடி, கார்புரேட்டர் போன்றவை பெரும்பாலும் அலுமினியக் கலவை. இதில் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி பூக்கும். அலுமினியத்தில் இரும்பு போல்ட் மாட்டிய இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் அரிப்பு இன்னும் வேகமாக வரும்.

எது எது என்று சந்தேகமா? ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. அலுமினியத்தில் ஒட்டாது.

ஒன்றுக்குப் போடும் மருந்தை இன்னொன்றுக்குப் போடக் கூடாது. அலுமினியப் பாத்திரத்தில் நாம் புளிக்குழம்பு வைப்பதில்லை. சலவை சோடா போட்டுத் தேய்த்தால் அந்தப் பாத்திரம் கறுத்துவிடும். இன்ஜின் மூடிக்கும் புளிப்பு, சோடா இரண்டும் ஆகாது.

வேலைக்கு முன்னால்

இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூட்டில் மண்ணெண்ணெய் பட்டால் தீப்பிடிக்கும். பெட்ரோல் குழாயை மூடிவிடுங்கள். சைலன்சர் வாயில் துணி அடையுங்கள், முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். கையில் ரப்பர் உறை போட்டுக்கொண்டு காற்றோட்டமான இடத்தில் உட்காருங்கள்.

இரும்புத் துரு எடுக்க

1. இறுகிய நட்டை உடனே முறுக்காதீர்கள், தலை மழுங்கிவிடும். மண்ணெண்ணெயில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் கலந்து சொட்டு விட்டு, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள்.

2. கழற்றிய கிக்கர், சின்ன நட், போல்ட்டுகளைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, முங்கும் அளவு வினிகர் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். புளித்தண்ணீரும் ஆகும், ஆனால் நேரம் கூடுதலாகும்.

3. காலையில் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து, அதில் ஒருமுறை அலசுங்கள். மிச்சப் புளிப்பு போய்விடும்.

4. உடனே துடைத்து வெயிலில் காயவைத்து, அன்றைக்கே எண்ணெய் தடவுங்கள். சும்மா விட்டால் சில மணி நேரத்தில் மறுபடி துரு ஏறும். வினிகரில் போல்ட்டின் வெள்ளை முலாமும் கரைந்துவிடும் என்பதால் இது கட்டாயம்.

செயினையும் ஸ்பிரிங்கையும் வினிகரில் போடாதீர்கள். பலம் குறைந்து ஒடிந்துபோகலாம். செயினை மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்துச் சுத்தம் செய்து எண்ணெய் விட்டால் போதும்.

அலுமினிய மூடிக்கு

சோப்புத் தண்ணீரும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம். கம்பித் துணுக்குகள் அலுமினியத்தில் ஒட்டி அதுவே துருப்பிடிக்கும். வெள்ளைப் பூப்பு போகாவிட்டால் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள் வாங்கி, 400, 600, 1000 என்று வரிசையாகத் தேய்த்துக் கடைசியில் மெட்டல் பாலீஷ் போட்டால் பழைய பளபளப்பு வரும். பெயிண்ட் அடித்த மூடியில் உப்புத்தாள் போட்டால் பெயிண்ட் போய்விடும், அதற்குச் சோப்பு மட்டும் போதும்.

சைலன்சருக்கு

பளபளக்கும் முலாம் பூசிய சைலன்சரில் லேசான துரு என்றால், சாப்பாடு மடிக்கும் அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். நன்றாகப் போகும். முலாம் உரிந்து அரித்துவிட்டால் துருவைச் சுரண்டி எடுத்து, சூடு தாங்கும் பெயிண்ட் என்று கேட்டு வாங்கி அடியுங்கள். சாதாரண பெயிண்ட் அந்தச் சூட்டில் கருகி உரிந்துவிடும். இன்ஜினின் மடிப்பு மடிப்பான பகுதியில் கெட்டியாகப் பெயிண்ட் பூசாதீர்கள். சூடு வெளியேற வேண்டிய இடம் அது.

இவற்றைச் செய்யவே கூடாது

- கழிவறை ஆசிட்டை வண்டியில் எங்குமே ஊற்றக் கூடாது. அலுமினியத்தில் பட்டால் தீப்பற்றும் வாயு கிளம்பும். அதோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் வருவது விஷவாயு.
- பிரேக், டயர் பக்கம் எண்ணெய் படக் கூடாது. பிரேக் பிடிக்காது.
- பிஸ்டன், சிலிண்டர் போன்ற உள் பாகங்களில் நாமே கை வைக்க வேண்டாம். அது மெக்கானிக் வேலை.

தினமும் ஐந்து நிமிடம்

வியாபாரம் முடிந்து வந்து, இன்ஜின் ஆறியதும் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவித் துணியால் துடையுங்கள். வாரம் ஒருமுறை செயினுக்கும் கிக்கருக்கும் சொட்டு எண்ணெய் விடுங்கள். மீன் பெட்டிக்கு அடியில் ஒரு தட்டு வைத்து, தண்ணீர் இன்ஜின்மேல் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னால் ஒருமுறை முழுவதும் பார்த்துவிடுவது நல்லது. இதற்கெல்லாம் ஆகும் செலவு மிகக் கொஞ்சம்.

துருவை எடுப்பது பாதி வேலைதான். காயவைத்து எண்ணெயோ பெயிண்டோ பூசினால்தான் வேலை முழுசாக முடியும். கடன் தவணை முடிவதற்குள் வண்டி முடிந்துவிடக் கூடாது சகோதரிகளே! அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒரு காந்தமும் துருப்பிடித்த பழைய போல்ட் ஒன்றும் கொண்டு வாருங்கள். எல்லோரும் சேர்ந்து செய்து பார்ப்போம்.